ஒப்பாரிக்கு மைக் வைத்தவன்

அன்று அந்த வீட்டு வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஐஸ் பெட்டிக்குள் பெரியவர். தலைமாட்டில் அவர் மனைவி. வலப்பக்கம் மூத்த மருமகள், அவர் தோளில் சாய்ந்தபடி பெரியவரின் தங்கை. கால்மாட்டில் பங்காளி வீட்டுப் பெண்கள் ஐந்து பேர். சின்ன மருமகள் கைக்குழந்தையோடு நிலைப்படியில். பந்தலில் மூத்த மகன், அவருக்குப் பக்கத்தில் சின்ன மருமகளின் அப்பா, பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெருக்காரர்கள். வேலியோரம் மேளக்காரர்கள் மூன்று பேர். முருங்கை மரத்தடியில் கேமரா முக்காலியை ஊன்றிக்கொண்டு நான்.

இவ்வளவு பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குவைத்தில் ஒரு அறையில் சின்ன மகன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் யாரும் இருப்பதாக எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். என் தொழிலே அதுதான்.

நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கச் சேர்ந்தேன். வெளிச்சம் மணப்பெண்ணின் முகத்தில் சுடுகிறதோ என்று பயந்து விலக்குவேன். இருட்டடிக்கிறது என்று கேமராக்காரர் முழங்காலில் இடிப்பார். அந்தப் பயம் என்னைவிட்டுப் போகவே இல்லை. பிறகு வலங்கைமானில் சொந்தமாகக் கடை போட்டபோதும், பேட்டரியை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். பாதி வழியில் நிறுத்தி நாலாம் தரமும் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் போனவர்கள், தண்ணீர் வந்த வருஷங்களிலும் திரும்பவில்லை. அதனால் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது எல்லாவற்றுக்கும் லைவ் கேட்டார்கள். கடைசியில் சாவுக்கும் கேட்டார்கள். கல்யாண லைவுக்கு ஆயிரம் பேரம் பேசுகிறவர்கள் சாவு லைவுக்குச் சொன்ன தொகையைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதுவே ஒரு மாதிரி உறுத்தும்.

சத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு பழைய அடி உண்டு. அதிராம்பட்டினத்தில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையின் அண்ணன் துபாயிலிருந்து பார்க்கிறார். என் மைக் வேலை செய்யவில்லை, நான் கவனிக்கவில்லை. முடிந்த பிறகு அவர் போன் பண்ணினார். "வாய்தான் தம்பி அசைஞ்சுச்சு. என் தம்பிக்கு நடந்தது நிக்காஹ்வா, ஊமைப் படமா?" காசைக் குறைக்காமல்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த வார்த்தை என் வயிற்றிலேயே தங்கிவிட்டது. அன்று முதல் படம் எப்படிப் போனாலும் சத்தம் போக வேண்டும் என்பதே என் கவலை.

பெரியவர் இறந்த அன்று காலையில் சின்ன மகன் குவைத்திலிருந்து பேசினார்.

"அண்ணன்கிட்ட பேச முடியல தம்பி, அவரு அழறாரு. நீதான் பாத்துக்கணும். பாஸ்போர்ட்டு கம்பெனி கையில இருக்கு. டிக்கெட்டு கெடைச்சாலும் அப்பாவ எடுத்தப்புறம்தான் நான் வந்து நிப்பேன்."

"நான் பாத்துக்கறேண்ணே."

"படம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. சவுண்டு கேக்கணும். எங்கப்பாவுக்கு அழற சத்தம் என் காதுல விழணும். ஊமையா ஓடுச்சுன்னா நான் என்னத்தப் பாக்கறது?"

அவர் இன்னொன்றும் சொன்னார்.

"அண்ணிகிட்ட சொல்லிடு. நகைக்குப் பாதி நான்னு சொன்னேன்ல, அது மாறாது. கருமாதிக்குள்ள போட்டுவிட்டுடறேன். இன்னிக்கு அவங்ககிட்ட பேச எனக்குத் தெம்பு இல்ல."

அந்த நகை விஷயம் தெருவுக்கே தெரியும். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் சேர்த்தார்கள். மூத்த மகன் நெல் மில்லில் லோடு ஏற்றுகிறவர், கையில் என்ன இருக்கும்? மூத்த மருமகள்தான் தன் செயின், வளையல், கம்மல் எல்லாவற்றையும் அடகு வைத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டினார். பாதி என் பொறுப்பு என்று சின்னவர் போனிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நகை திரும்பி வந்தால்தான் அந்த அக்காவின் மூத்த பெண்ணுக்கு ஏதாவது கல்யாணப் பேச்சு எடுக்கலாம்.

அக்கா கொல்லைப்புறம் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். சின்னவர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். "சரிப்பா. அந்தப் புள்ள அங்க தனியாக் கெடந்து அழுவும். யாராச்சும் பக்கத்துல இருக்கச் சொல்லு" என்றார்.

இப்படிச் சொன்னவர்தான் இரண்டு மணி நேரம் கழித்து அப்படி அழுதார். இரண்டும் ஒரே மனசுதான் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

கேமராவின் மைக்கில் மேளச் சத்தம்தான் ஏறியது. பெண்களின் அழுகை எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஊமைப் படம், ஊமைப் படம் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மாப்பிள்ளைச் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று பையில் இருந்தது. மாலை போடுகிறவன் மாதிரி போய், ஐஸ் பெட்டியின் மேல் கிடந்த ரோஜா மாலைக்கு அடியில் அதைச் செருகிவிட்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

ஹெட்போனை மாட்டினேன். மூச்சு வாங்குவது முதற்கொண்டு கேட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஒப்பாரி பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். செத்தவரைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு பெண்கள் அழும்போது யாரை வேண்டுமானாலும் வையலாம். மாமியாரை வையலாம், நாத்தனாரை வையலாம், கட்டினவனை, கடவுளை வையலாம். பந்தலில் இருக்கிற ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வசவு வாங்கினவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. எடுத்துப்போய்க் குளித்துவிட்டு வந்தால் அத்தோடு சரி. என் அப்பா செத்தபோது என் அத்தை, ஒரு வாய் வெந்நீர் கொடுக்காமல் என் தம்பியைக் கொன்றாளே என்று என் அம்மாவை வைது அழுதார். அன்று சாயங்காலம் அத்தைக்கு வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றியது என் அம்மாதான். எனக்குக் கோபமாக வந்தது. "ஒப்பாரியில சொன்னத ஆத்தோட விட்டுடணும்டா" என்றார் அம்மா.

மூத்த மருமகள் நல்ல குரல்காரி. அவர் எடுத்துக் கொடுத்தால் மற்றப் பெண்கள் தொடர்வார்கள். அன்று எடுத்தார்.

"எட்டு மாசம் ஏந்தி வச்சு ஊட்டுனனே மாமா
ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே மாமா
கடலுக்கு அந்தாண்ட காசு மழ பெய்யுதாம்
நம்ம கூரையில ஒரு துளியும் விழலியே மாமா
எங் கழுத்துப் பொன்னையெல்லாம் ஆஸ்பத்திரி தின்னுச்சே
மீட்டுத் தாரேன்னவன் வாயி வாழப்பழமாம்
கையி கருணக்கெழங்காம் மாமா..."

பேச்சு மட்டும் இனிப்பு, கை கொடுக்காது என்று கொழுந்தனுக்கு வசவு. பந்தலில் மூத்த மகன் தரையைப் பார்த்தார். சின்ன மருமகளின் அப்பாவும் தரையைப் பார்த்தார். சின்ன மருமகள் குழந்தையை இறக்கிவிட்டு வந்து, தன் புருஷனை வைத அந்த அக்காவின் முதுகையே தடவிக் கொடுத்தாள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

நான் மட்டும் தரையைப் பார்க்கவில்லை. குரல் உடைகிறதா, சத்த அளவைக் காட்டுகிற பச்சைக் கோடு சிவப்பைத் தொடுகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்த்தை எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் மைக்கை அடைக்கக் கை போயிற்று. அடைத்தால் குவைத்தில் சத்தம் நின்றுபோகும். சவுண்டு எங்கடா என்று கேட்பார். கையை எடுத்துவிட்டேன். அந்த ஒரு பொத்தானைத்தான் நான் இன்றுவரை அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

லிங்க்கை நான் எப்போதும் எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் வைப்பேன். வேண்டியவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைத்தால் பாதிப் பேருக்குத் திறக்காது, எனக்குப் போன் மேல் போன் வரும். அந்தத் தொல்லைக்குப் பயந்து வைத்த வழக்கம். கீழே என் கடைப் பெயரும் போன் நம்பரும் ஓடிக்கொண்டிருக்கும்.

சாயங்காலத்துக்குள் யாரோ அந்த ஒப்பாரியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். காசு மழையில் தொடங்கி கருணைக்கிழங்கில் முடியும். முடிகிற இடத்தில் ஆட்கள் கொல்லென்று சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். "அண்ணி வச்சு செஞ்சுட்டாங்க" என்று மேலே எழுதி ஊர் குரூப்பில் விட்டார்கள். அங்கிருந்து அடுத்த ஊர் குரூப், அங்கிருந்து எங்கெங்கோ. கீழே என் நம்பர் ஓடிக்கொண்டே இருந்தது.

முழு வீடியோ என்னிடம்தான் இருந்தது. உடனே அதைத் தூக்கியிருக்கலாம். குவைத்காரர் கேட்காமல் எப்படி அழிப்பது, அவர் இன்னொரு தரம் அப்பா முகத்தைப் பார்க்க நினைப்பாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. என் சேனலில் எந்த வீடியோவையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. கடையில் உட்கார்ந்து விரலால் திரையை இழுத்து இழுத்து விடுவேன், எண் ஏறியிருக்கும். போனைக் கவிழ்த்து வைப்பேன். மறுபடி இழுப்பேன். கவிழ்ப்பதும் இழுப்பதுமாகவே இருந்தேன்.

புதிதாக ஆர்டரும் வந்தது. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒருவர், "அந்தக் கருணக்கெழங்கு வீடியோ எடுத்தது நீங்கதானங்க? சவுண்டு கணீர்னு இருக்கு. எங்க வீட்டு விசேஷத்துக்கு வரணும்" என்றார். வருகிறேன் என்றேன். நன்றிகூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் என் மனைவி ரேஷன் கடையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"ஏங்க, அந்த அக்கா வரிசையில நின்னாங்க. பின்னாடி பள்ளிக்கூடத்துப் புள்ளைவோ, கையி கருணக்கெழங்கு கையி கருணக்கெழங்குன்னு ராகம் போட்டுச்சுங்க. அக்கா அரிசி வாங்காமலே திரும்பிப் போயிட்டாங்க."

"நான் வெட்டலடி அத. வெட்டுனது எவனோ."

"வெட்டுனது எவனோ. வச்சது யாரு?"

அப்போதுதான் அழித்தேன். அழித்துவிடவா என்று போன் இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் ஆமாம் என்றேன். என்னிடம் இருந்தது போயிற்று. ஊரிடம் இருந்தது அப்படியேதான் இருந்தது.

அன்று மாலையே எனக்கு வர வேண்டிய மீதிப் பணம் குவைத்திலிருந்து வந்தது. பேசியதற்கு மேல் ஐந்நூறு அதிகம். கூடவே ஒரு வாய்ஸ்: "சவுண்டு நல்லா கேட்டுச்சு தம்பி. எல்லாமே கேட்டுச்சு."

நான் கூப்பிட்டேன். அவர் எடுத்தார்.

"அண்ணே, தப்பு என்மேல. அவங்க அழுதத நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"அண்ணி அழுதது தப்புன்னு நான் சொன்னனா? நான் அங்க இருந்திருந்தா அப்பா கால்மாட்டுல தலையக் குனிஞ்சு உக்காந்து கேட்டிருப்பேன். எடுத்தப்புறம் நானே அவங்களுக்குக் காப்பி வாங்கிக் குடுத்திருப்பேன். இங்க எங்கடா குனியறது? ரூம்ல பதினோரு பேரு. போனை அரிசி டின்னுல சாச்சு வச்சுக்கிட்டு எங்கப்பாவுக்காக எல்லாரும் சாப்பிடாம உக்காந்திருக்கானுவோ. வடக்கத்தியான் ஒருத்தன், அந்தம்மா என்ன சொல்லுதுன்னு கேக்கறான். நம்ம பக்கத்துப் பய ஒருத்தன் சிரிச்சுட்டான். அடக்கத்தான் பாத்தான் பாவம். முடியல."

அவரே தொடர்ந்தார்.

"என் மாமனாரு பந்தல்ல இருந்து கேட்டவருதானே? அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. இப்ப போன் பண்ணி, மாப்ள, டீக்கடையில என்னைய கருணக்கெழங்கு சம்மந்தின்னு கூப்பிடறானுங்கன்னு அழாக்குறையாச் சொல்றாரு."

"அந்தப் பணத்த மட்டும் அனுப்பிடுங்கண்ணே. அக்கா அத நம்பித்தான்..."

"இப்ப அனுப்புனா வீடியோவுக்குப் பயந்து அனுப்புனேன்னு ஆயிடும். பேசாம இரு" என்று வைத்துவிட்டார்.

கருமாதி வந்தது, போனது. பணம் வரவில்லை.

திருப்பனந்தாள் வேலையில் கிடைத்த காசை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். காது ஓட்டையில் வேப்பங்குச்சி. கவரை நீட்டினேன்.

"என்னப்பா இது?"

"வட்டிக்காவது ஆகட்டும்க்கா."

"யாரு குடுத்தா? சின்னவரா?"

"இல்லக்கா. நான்தான்."

முறத்தைக் கீழே வைத்தார். "உன் காசு எனக்கு எதுக்கு? எங்க மாமாவுக்கு நான் அழுததுக்குக் கூலியா?"

கவர் என் கையிலேயே நின்றது.

"மீட்டுத் தர்றேன்னு அது சொல்லிவிட்டது எனக்குத் தெரியாதா? நீதானே வந்து சொன்ன? செத்த வீட்டுல உக்காந்து யாராச்சும் கணக்குப் பாத்தா அழுவாங்க? அழுகைக்கு அடுத்த அடி வேணும், வாயில வந்துச்சு, வந்தத அழுதேன். அந்தப் புள்ள இங்க உக்காந்திருந்தா இன்னும் நாலு சேத்து அழுதிருப்பேன்." கொஞ்ச நேரம் உளுந்தைத் துழாவினார். "அழிச்சிட்டியா?"

"என்கிட்ட இருந்தத அழிச்சிட்டேன்க்கா."

"மத்தவங்ககிட்ட இருக்கறது?"

கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் நடவு நேரத்தில் பெரியவரின் மனைவியும் போய்ச் சேர்ந்தார். இந்தத் தரம் சின்னவர் லீவில் ஊரில் இருந்தார். அதே வாசல், அதே பந்தல் போடுகிறவர்கள். என்னை யாரும் லைவுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை. வெறுங்கையோடு துக்கத்துக்குப் போனேன்.

பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உட்காருமுன் பெரியவரின் தங்கை எழுந்து சத்தம் போட்டார். "யாரு கையிலயும் போன் இருக்கக்கூடாது. எல்லாத்தையும் உள்ள கொண்டுபோயி வைங்கடா." பையன்கள் வைத்தார்கள். வைத்த பிறகும் ஒவ்வொருத்தியும் மாலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அங்கே ஒருமுறை என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் கூனிக்குறுகக்கூடாது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

சின்னவர் பந்தலில் உட்காரவில்லை. நேராகப் போய் அம்மாவின் கால்மாட்டில் சம்மணம் போட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆண்கள் அங்கே உட்காருகிற வழக்கம் இல்லை. எதற்காகப் போய் உட்கார்ந்தார் என்று எல்லாருக்கும் புரிந்தது. பெண்கள் மூத்த மருமகளைப் பார்த்தார்கள். எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். உடம்பு குலுங்கியது. கண்ணீர் தாடையில் இறங்கி ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் சொட்டியது. ஒரு வார்த்தை வரவில்லை. அவர் எடுக்காததால் மற்றவர்களும் எடுக்கவில்லை. மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தூக்கும்வரை சின்னவர் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தார்.

வாய்க்கால் கரை வழியாகக் கொண்டுபோய்க் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினோம். டீ டிரம் பக்கத்தில் சின்னவர் என்னிடம் வந்து நின்றார். கையில் ஒரு டம்ளர் காப்பி, அவர் குடிக்கவில்லை.

"அண்ணி அழவே இல்லையேடா."

"அழுதாங்கண்ணே."

"அந்த அழுகைய நான் சொல்லல."

டம்ளரோடு வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே அக்கா தலை துவட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு இலை எடுத்துக்கொண்டிருந்தார். சின்னவர் இரண்டடி வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, காப்பியை அங்கே நின்ற பந்தல்காரரிடம் கொடுத்துவிட்டு வேலிப் பக்கம் போய்விட்டார். ஒரு வருஷம் பணத்தைக் கொடுக்காமல் இருந்தவர், ஒரு வசவும் வாங்காமல் எந்த முகத்தோடு போய்க் கொடுப்பார்? வைதிருந்தால் கொடுத்திருப்பார். அதை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே போய்க் குனிந்து உட்கார்ந்தார். அந்த வாயை அடைத்தது நான்.

லீவு முடிந்து அவர் குவைத் போய்விட்டார். செயினும் வளையலும் கம்மலும் அடகிலேயே இருக்கின்றன. மூத்த மகன் வருஷா வருஷம் வட்டியைக் கட்டி சீட்டை மாற்றி வைக்கிறார். அக்கா என்னை வழியில் பார்த்தால் "சாப்பிட்டியாப்பா" என்று கேட்கத் தவறுவதில்லை. எனக்கு வர வேண்டியதெல்லாம் அதிகமாகவே வந்துவிட்டது. அக்காவுக்கு வர வேண்டிய அறுபதாயிரம் ரூபாய் இன்னும் பாக்கி.